ஞாயிற்றுக்கிழமைப் பல்

மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டம்ளர் எங்கள் சித்தூர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. என் மாமனார் தம் பல்செட்டைப் போட்டுவைத்த டம்ளர் அது.

பாகாலா ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு ஆராதனையில், எங்கள் சபைக் கோயிலில் வேதபாடம் வாசிப்பவர். பல்லெல்லாம் போய் வாசிப்பு குழறத் தொடங்கியதும் திருப்பதிக்குப் போய் பல்செட் கட்டிக்கொண்டார். அந்த ஞாயிறு அவர் குரல் கடைசி பெஞ்சு வரை கணீரென்று கேட்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பல்லைக் கழற்றிக் கழுவி, டம்ளரில் போட்டு மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். "புதுசும்மா, கறி கடிச்சா தேஞ்சி பூடும். கோயிலுக்கு இருக்கட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மடித்து வைப்பதுபோலத்தான் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து மசாலா அரைத்து நான் வைத்த கறிக்குழம்பில் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சோற்றைக் கரைத்து விழுங்கி எழுந்துவிடுகிறாரே! காலமான மாமியாரின் கைப்பக்குவம் எனக்கு இல்லை, அதை நாசூக்காகச் சொல்கிறார் என்று முறுக்கிக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல். மாதக்கணக்கில் "இன்னும் போடட்டுமா மாமா" என்றுகூடக் கேட்கவில்லை.

ஒருநாள் கோயில் படியில் பாதி ஏறியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிடித்துத் தூக்கினேன். கை வெறும் எலும்பாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாளே திருப்பதி பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அங்கேதான் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். "மொத நாளே தனியா கடிச்சிப் பாத்தேன். ஒரு பக்கம் கடிச்சா இன்னொரு பக்கம் தூக்கிக்கினு வருது. எல்லாரும் துன்னுற எடத்துல தட்டுல வுழுந்துட்டா இன்னா பண்றது?"

டாக்டரம்மா பல்செட்டில் ஈறைக் குத்திய இடத்தைத் தேய்த்து, தூக்காதபடி சரிசெய்தார். சொந்தப் பல்லின் பலம் இதற்கு வராது, ஆனாலும் தினமும் போட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். சின்னச் சின்னதாக நறுக்கி, இரண்டு பக்கமும் சேர்த்து மெதுவாக மெல்ல வேண்டும் என்றார். இட்லியில் தொடங்கினோம். பிறகு வேகவைத்த கேரட், பீன்ஸ். பல வாரம் கழித்து ஒரு ஞாயிறு, பொடியாக நறுக்கிய கறி.

எல்லோரும் கை கழுவிப் போய்விட்டார்கள். அவர் பாதிகூடத் தாண்டவில்லை. நான் சாப்பிட்ட கையோடு பக்கத்திலேயே இருந்தேன்.

"கை காயுது பாரு, நீ போம்மா."

"நீங்க துன்னுங்க மாமா. எனக்கு இன்னா அவசரம்? நான் குந்திக்கினு இருக்கறேன்."

நெடுநேரம் மென்றார். கடைசித் துண்டும் உள்ளே போனபின் என்னைப் பார்த்து, "உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றார். ஐயோ, அந்தக் குறையைக் கேட்க எத்தனை மாதம் காத்திருந்தேன்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

போன வருஷம் அவரைப் பெட்டியில் வைத்துக் கடைசியாகக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது பல்லை நான்தான் போட்டுவிட்டேன். டம்ளர் மட்டும் காலியாக நின்றது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கறியில் நாலு துண்டைக் கை தானாகப் பொடியாக நறுக்கிவிடுகிறது. எல்லோரும் எழுந்து போனபின் அலமாரி டம்ளரைப் பார்த்துக்கொண்டு, அந்த நாலையும் இரண்டு பக்கமும் மென்று நானே சாப்பிடுகிறேன். உப்பு சரியாகத்தான் இருக்கிறது, மாமா.