காத்துக்கு விட்ட ஓட்டை

வேலிப் பொட்டைத் தைச்சு மூடினது நான்! இவர் இல்லை... நான்தான்!

இவர் எண்டால் என்ரை மனிசன். இப்ப உயிரோடை இல்லை. அவர்தான் பொட்டை மூடினவர் எண்டு ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருக்கு. நம்பப் பண்ணினது ஆர்? அதுவும் நான்தான்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமோள் எழுதுறாள். இப்ப பேனையை நிப்பாட்டிப்போட்டு என்னை முழுசிப் பாக்கிறாள். எழுது பிள்ளை, எழுது... முழுசுறதைப் பிறகு முழுசலாம்.

வேலிப் பொட்டு எண்டால் என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு? ரண்டு வளவுக்கு நடுவிலை, ஒரு ஆள் குனிஞ்சு பூந்து போற அளவுக்கு வேலியிலை விடுற இடைவெளி. எங்கடை சண்டிலிப்பாயிலை அது இல்லாத வேலியை நான் கண்டதில்லை. கறி போறதும் அதாலை, ஊர்ப்புதினம் வாறதும் அதாலை. எங்கடை பொட்டாலை வாறது பக்கத்து வளவுப் பறுவதமக்கா. மனிசன் இல்லை, பிள்ளையள் வெளிநாடு, தனிச்ச சீவன். முதல் அவவின்ரை கதை வரும், பிறகுதான் தலை வரும்.

சரி, வேலிக்கு வாறன்.

அந்த வருசம் ஓலை வண்டில் ஒண்டும் எங்கடை பக்கம் வரேல்லை. றோட்டு முழுக்கப் பிரச்சினை, ஆர் வருவினம்? பழைய ஓலை உக்கிக் கொட்டுண்டு போச்சு. ஊர் ஆடெல்லாம் வந்து என்ரை வெங்காயத்தை மேயுது. இவரிட்டைச் சொன்னால், "மாரிக்கு முதல் பாப்பம்" எண்டுவார். எந்த மாரி எண்டு மட்டும் சொல்லமாட்டார்!

பரணிலை உரப்பையள் குவிஞ்சு கிடந்தது. புகையிலைத் தோட்டத்துக்கு உரம் வந்த பிளாஸ்டிக் பையள். ஓலை இல்லாட்டில் என்ன, பிளாஸ்டிக்கிலை வேலி அடைப்பம் எண்டு எனக்கொரு மூளை வந்தது பாருங்கோ... இப்பவும் நினைச்சால் எனக்குச் சந்தோசம்தான்! பாவக்கதை சொல்ல வந்தவள் சந்தோசப்படுறாளே எண்டு நினைப்பியள். என்ன செய்ய? வேலி அவ்வளவு திறமான வேலி.

பையளின்ரை தையலைப் பிரிச்சு விரிச்சன். கிணத்தடியிலை கழுவினன். உர மணம் கண்ணைக் கரிச்சு, ஆரோ செத்தமாதிரி அழுதழுது கழுவினன். அலவாங்காலை கிடங்கு கிண்டி, கிளுவைக் கதியால் நட்டு, குறுக்காலை தடி வைச்சுக் கட்டி, பையளை இழுத்துப் பிடிச்சுக் கோணூசியாலை நைலோன் நூல் போட்டுத் தைச்சன். ஒரு ஆம்பிளை கை வைக்கேல்லை!

இவர் கதிரையிலை இருந்து கதை மட்டும். "இஞ்சேரப்பா, உது வேலியோ, கொடியிலை காயப்போட்ட சாரமோ?"

"வந்து உந்த நூலையாவது பிடியுங்கோவன்."

"நான் பிடிச்சால் கோணிப்போகும்."

எரிச்சல் வருமோ வராதோ, நீங்களே சொல்லுங்கோ!

பாதி வேலி முடிய சோளகக் காத்துத் துவங்கிச்சுது. பையெல்லாம் வள்ளத்துப் பாய் மாதிரி ஊதிச்சுது. கதியாலையும் பிடுங்கிக்கொண்டு என்ரை வேலி பறுவதமக்கான்ரை வளவுக்கை போய்ப் படுத்திட்டுது! இவர் சிரிச்ச சிரிப்பிலை கதிரை கிறீச்சிட்டுது. நான் விட்டனோ? திருப்பி நட்டன். ரட்டை நூல் போட்டன். காத்துப் போக எண்டு ஒவ்வொரு பையிலையும் கத்தியாலை சின்னச் சின்ன ஓட்டை விட்டன். பிறகு எந்தக் காத்துக்கும் அசையேல்லை.

அப்பதான் பறுவதமக்கா பொட்டாலை வந்து, இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு, வேலியைப் பாத்துச் சிரிக்கத் துவங்கினவ.

"எடி பூரணம்! பையிலை இருக்கிற எழுத்தெல்லாம் தலைகீழாய் நிக்குதடி! உன்ரை வேலியை வாசிக்கோணுமெண்டால் நாங்கள் தலையிலை எல்லோ நிக்கோணும்!"

ஒழுங்கையாலை போன சனமும் நிண்டு சிரிச்சுது. இவரும் சிரிச்சார். நானும் சேர்ந்து சிரிச்சன்... உள்ளுக்கை பத்தி எரிஞ்சுது. என்னைப் பள்ளிக்கூடம் விடாமல் தம்பியைத் தூக்கி வைச்சிருக்கச் சொன்னவை. அதை நான் அழுதுகொண்டு சொன்னது ஒரே ஒரு ஆளுக்குத்தான். பறுவதமக்காவுக்கு. தெரிஞ்சுகொண்டும் சிரிச்சா!

அண்டைக்குப் பின்னேரம் மிஞ்சிக் கிடந்தது பொட்டு ஒண்டுதான். அதிலை ரண்டு பை ஒண்டாய்ப் போட்டு, விரல் நுழைய இடமில்லாமல் நெருக்கித் தைச்சன்.

காத்துக்கு ஓட்டை விட்டனான். மனிசிக்கு விடேல்லை.

விடிய அவ வந்து பிளாஸ்டிக்குக்கு அங்காலை நிண்டு கூப்பிட்டா. "எடி, பொட்டு எங்கை?"

"இவர்தானக்கா அடைக்கச் சொன்னவர். ஆடு வருதாம்."

இவர் கதிரையிலை இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். என்னைப் பாத்தார்.

கோவம் ஆறினாப்போலை பிரிச்சு விடுவம் எண்டுதான் நினைச்சனான்... சத்தியமாய்! கோவம் ஆறிச்சுது. அவ்வளவு நெருக்கித் தைச்சதைப் பிரிக்கக் கை எழும்பாமல் பஞ்சியாய்க் கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு எண்டு விட்டிட்டன்.

இனிச் சொல்லப்போறதுதான் பாரம்.

குண்டு வெடிக்குப் பதுங்கிற பங்கர்க் கிடங்கு எங்கடை வளவிலை. ரண்டு வீட்டுக்கும் அது ஒண்டுதான். மேலை போட்ட தென்னங்குத்தியள் பறுவதமக்கா தந்தது. ஆமியின்ரை ஹெலிச் சத்தம் கேட்டால் அவ பொட்டாலை ஓடி வந்து பூருவா. பொட்டை மூடேக்கை இதை நான் யோசிக்கேல்லையோ எண்டு கேக்கிறியளோ? யோசிச்சனான்! யோசிச்சுப்போட்டு, 'ஒழுங்கையாலை சுத்தி வரட்டும்' எண்டு நினைச்சனான்!

ஒருநாள் காலமை நான் கீரை அரிஞ்சுகொண்டிருக்க ஹெலி வந்தது. பதிஞ்சு வந்து சுடத் துவங்கிட்டான். நானும் இவரும் பங்கருக்கை விழுந்தம். கத்தி என்ரை கையோடை வந்திட்டுது.

பறுவதமக்கா பழக்கத்திலை பொட்டுக்குத்தான் ஓடி வந்தவ. ஓலையெண்டால் கையாலை பிய்ச்சுக்கொண்டு வந்திருப்பா. பிளாஸ்டிக் பிய்யுமோ? நான் தைச்சது பிய்யுமோ? அவவின்ரை நகம் பையிலை விறாண்டுற சத்தம் பங்கருக்கை கேட்டுது.

"பூரணம்! கத்தி எடுத்து வெட்டி விடடி! பூரணம்!"

கத்தி கையிலைதான் இருந்தது. வேலி கிட்டத்தான். நான் எழும்பேல்லை.

பயமோ? ஓம், பயம்தான். ஆனால்... பயம் மட்டும்தானோ? இதை நான் என்னட்டைக் கேக்காத நாளில்லை.

கதிரையை விட்டு எழும்பாத அந்த மனிசன் என்ரை கையிலிருந்து கத்தியைப் பறிச்சுக்கொண்டு வெளியிலை ஓடினார்! ரட்டை நூல், ரட்டைப் பை... அவர் அறுத்து முடிக்கிறதுக்கிடையிலை பறுவதமக்கா திரும்பி ஒழுங்கையாலை ஓடிட்டா. ஒழுங்கையிலைதான் காலிலை வெடி பட்டது. இவர்தான் தோளிலை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தவர்.

தூக்கி வந்தவரின்ரை முகத்துக்கு நேரையே அவ கத்தினா. "பாவி! பொட்டை அடைச்சது நீதானே! இனி என்ரை முகத்திலை முழியாதை!"

நான் பக்கத்திலைதான் நிண்டனான். என்ரை வாய்க்கை என்ன கிடந்தது அப்ப?

பிறகு இவரிட்டைக் கேட்டன், ஏன் உண்மையைச் சொல்லேல்லை எண்டு.

"நீ அந்த மனிசியோடை இனியும் இருக்கோணும். எனக்கென்ன, நான் கதிரையிலை இருக்கிறவன்" எண்டார்.

அவ்வளவுதான். ஒரு ஏச்சு ஏசியிருந்தாலும் எனக்கு லேசாய் இருந்திருக்கும். ஏசமாட்டாராம்! அந்தாளிலை எனக்கு இண்டைக்கும் எரிச்சல் எண்டால் அது இதுக்குத்தான்.

இவரின்ரை செத்தவீட்டுக்குப் பறுவதமக்கா வந்தவ. என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவ. பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த உரப்பை வேலி இன்னும் நிக்குது, எழுத்துத் தலைகீழாய். பொட்டு அவர் வெட்டின மாதிரியே திறந்து கிடக்கு. பறுவதமக்கா ஒவ்வொரு நாளும் வாறா. முதல் கதை வரும், பிறகு தலை வரும், கடைசியாய் இழுத்து இழுத்து அந்தக் கால் வரும். "உன்ரை குணத்துக்கு உனக்கு வாய்ச்ச மனிசனைப் பாரன்" எண்டுவா. நான் நிலத்தைப் பாப்பன்.

அவரின்ரை திவசத்துக்கு ஒவ்வொரு வருசமும் படைச்ச சோத்தை அவவுக்குக் கொண்டுபோய் நீட்டுவன். தள்ளி வைப்பா.

"அந்தாளின்ரை சோறு எனக்கு இறங்காதடி. உனக்காண்டி வேணுமெண்டால் தேத்தண்ணி தா, குடிக்கிறன்."

சொல்லிடுவம் எண்டு வாயெடுப்பன். அவ நிமிந்து என்னைப் பாப்பா.

"சீனி காணுமோ அக்கா?" எண்டு கேப்பன்.

நாளைக்குத் திவசம். சீனிப் போத்தலை நிரப்பி வைச்சிட்டன்.