சுண்ணாம்பும் என் வலது கண்ணும்

காலை 9.10. பொங்கலுக்கு வெள்ளையடிக்க, காவலூரில் எங்கள் வீட்டு வாசலில் சுட்ட சுண்ணாம்புக்கல்லுக்குத் தண்ணீர் விட்டிருந்தேன். பானை கொதித்தது. ஆறும்வரை காத்திருப்பது என் வழக்கம். அன்று குனிந்து குச்சியால் கிளறினேன். வலது கண்ணில் ஒரு தெறிப்பு. உலகம் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது.

இருபது ஆண்டுகளாகப் பள்ளி ஆய்வக உதவியாளன் நான். நீறிய சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) காரம். காரத்தை அமிலம் முறிக்கும். அந்த வலியிலும் அதுதான் நினைவுக்கு வந்தது.

"கோமதி, மோர் எடுத்துக்கினு வா! கண்ல ஊத்தணும்."

என் மனைவி என் பிடரியைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போனாள். "மோரா? கண்ணைத் தாளிக்கப் போறீங்களா இன்னா? தொறங்க!"

அவள் அப்பா வாணியம்பாடியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தவர். தோலிலிருந்து முடியை உதிர்க்கும் சுண்ணாம்புக் குழி அவர் பொறுப்பு. கண்ணில் பட்டால் தண்ணீர், வேறெதுவும் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். இமையைப் பிரித்துப் பிடித்துச் சொம்பு சொம்பாக ஊற்றினாள். இமையைப் புரட்டி, ஒட்டியிருந்த துகளை ஈரத்துணி நுனியால் எடுத்தாள்.

"போதும்மா."

"அதை நான் சொல்றேன்."

அரை மணி நேரம் ஊற்றினாள்.

வேலூர் மருத்துவமனையில் டாக்டரம்மா என் கீழிமைக்குள் ஒரு சிறு லிட்மஸ் தாளை வைத்தார். மாணவர்களுக்கு எத்தனையோ முறை நான் எடுத்துக் கொடுத்த அதே தாள். நீலமானது, காரம் இன்னும் இருந்தது. உப்புநீரால் மறுபடி கழுவினார்கள்.

"ஆசிட் பெரும்பாலும் மேலயே நின்னுடும். சுண்ணாம்பு உள்ள எறங்கிக்கிட்டே இருக்கும். யாரு கழுவினது?"

"நான்தாங்க," என்றாள் கோமதி.

"அதனாலதான் கண்ணு மிஞ்சியிருக்கு. பார்வை எவ்ளோ வரும்னு இப்போ சொல்ல முடியாது."

கருவிழியின் (கண்ணின் முன்புறப் படலம்) மேல்தோல் உரிந்திருந்தது. மணிக்கொரு சொட்டு மருந்து. ஒவ்வொன்றையும் நாட்குறிப்பில் எழுதினேன். அந்த நாட்களின் எழுத்து கோட்டை விட்டுச் சரிந்திருக்கிறது. பதினோராம் நாள், வலது கண்ணால் மட்டும் நாட்காட்டியின் பெரிய எண்ணைப் படித்தேன். கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சுண்ணாம்பின் மேல் எனக்குக் கோபமில்லை. மயில்துத்தத்தோடு (காப்பர் சல்பேட்) கலந்து தெளித்தால் எங்கள் எலுமிச்சையை நோயிலிருந்து காக்கிறது. சுவரில் பூசினால் காற்றை வாங்கி, மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. தொடுகிறவர்கள் கண்ணாடி போடுங்கள். பட்டால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், பிறகு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஆறிய அதே பானைச் சுண்ணாம்பால் கோமதிதான் சுவரை முடித்தாள். இப்போது தடவினால் கையில் ஒட்டுவதில்லை. விளக்கைச் சுற்றி மட்டும் எனக்கு ஒரு மெல்லிய புகை தெரிகிறது, அது போகாதாம். தினமும் 9.10க்கு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தச் சுவரைப் பார்க்கிறேன். பிறகு நாட்குறிப்பில் ஒரே சொல் எழுதுகிறேன்: தெரிகிறது.