ஏழு வீடுகளுக்குப் போன ஞானராஜ் அண்ணாச்சியின் செடிப் புத்தகம்

மக்களே, நம் பழைய தாவரப் புத்தகக் குழுவின் ஞானராஜ் அண்ணாச்சி போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார், அவருடைய ஏழு தொகுதிகளில் மூன்று யார் வீட்டில் இருக்கின்றன என்று ஒருவருக்கும் தெரியவில்லை, இந்த மாதக் கடைசிக்குள் அவை வந்து சேராவிட்டால் மீதி நான்கையும் படத்துக்காக அறுத்துவிடுவார்கள்.

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இனி பொறுமையாகச் சொல்கிறேன்.

குழுவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: அண்ணாச்சிக்கு பாளையங்கோட்டையில் பம்புசெட் மோட்டார் பழுதுபார்க்கும் கடை. வீடு கொக்கிரகுளத்தில், ஆற்றை ஒட்டி, வாடகைக்கு. நூறு வருடம் தாண்டிய, செடிகொடிகளின் படம் போட்ட புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கினார். கல்லச்சில் அடித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் கையால் வண்ணம் தீட்டிய படங்கள். நான் கல்லிடைக்குறிச்சியில் உட்கார்ந்து, செடிகளின் லத்தீன் பெயர்களை வீடியோ பார்த்துக் கற்றவள். இணையத்தில்தான் அவரைப் பிடித்தேன். பிடித்த பிறகு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நீர்முள்ளிப் படம் ஒன்றை அவருக்கு அனுப்பினேன். எந்தப் படத்தை அனுப்பினாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "வேரு எங்க?" பூவை வரைந்துவிட்டு வேரை விட்ட ஓவியர்கள்மேல் அவருக்குத் தீராத கோபம். அன்றைக்கு அவருடைய எண்ணிலிருந்து வேறு பதில் வந்தது. "பிள்ள, அண்ணாச்சி போயிட்டாக. நெஞ்சுவலி. நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டம். மைனி." அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் மைனி என்றுதான் கூப்பிடுவோம். நான் "சரி மைனி" என்று பதில் போட்டேன். அப்புறம் அந்த நீர்முள்ளிப் படத்தின் ஓரங்களை வெட்டிச் சரிசெய்தேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அதை யாருக்கு அனுப்புவதற்காகச் செய்கிறேன் என்று அம்மா கேட்கும்வரை எனக்குத் தோன்றவில்லை.

இணைய ஏலத்தில் நாங்கள் இருவரும் மோதிய கதை உங்களில் பலருக்குத் தெரியும். பழைய புத்தகம் ஒன்றிலிருந்து பிரிந்துவந்த மருத மரப் படம் விலைக்கு வந்திருந்தது. அதை வாங்கிப் போய் அவர் முன்னால் நீட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. யார் கேட்கிறார்கள் என்று அந்த ஏலத்தில் தெரியாது. நான் கூட்டக் கூட்ட எதிராளியும் கூட்டினார். நடுவில் அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏ பிள்ள, இவன் எவன்னே தெரியல. நான் ஏத்த ஏத்த அவனும் ஏத்துதான். சரியான கோட்டிக்காரப்பய."

"எனக்கும் அதே கததான் அண்ணாச்சி. ஒரு கிறுக்கு விடவே மாட்டேங்கு."

"நீ எதுக்கு ஏத்துத?"

"மருத மரத்துக்கு."

கடையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அவர் நிறுத்தினார்.

"பட்ட உரிஞ்சு நிக்கித மருதா?"

"ஆமா."

"கைய எடு பிள்ள! ரெண்டு கோட்டியும் ஒரே ஆத்துத் தண்ணியத்தான் குடிக்கி."

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்து, மூன்றாவது ஆள் ஒருவர் அதைக் கொண்டுபோய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னார்: "கெடைக்காததும் நம்ம சேகரிப்புதான். அதுக்கு அலமாரி வேண்டாம்லா."

பெரிய வெள்ளம் வந்த வருடம் ஆறு அவர் வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்ததும் குழுவிலிருந்து போனவர்கள் கூடம் முழுக்க வேட்டியை விரித்து, ஈரப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தோம். என்னோடு வந்த அம்மா, "அப்பளம் காயப்போடுத மாதிரில்லா இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அண்ணாச்சி மட்டும் சிரித்தார். மேலப்பாளையம் பஷீர் காக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். அரிய பிரண்டைப் படம் ஒன்றை, பத்திரமாக இருக்கட்டும் என்று ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்துவந்து குழுவே தலையில் அடித்துக்கொண்டதே, அவர்தான். வெட்கப்பட்டு அந்தப் படத்தை அண்ணாச்சியிடமே கொடுத்திருந்தார். அண்ணாச்சி அதைச் சேற்றிலிருந்து எடுத்துத் துண்டால் துடைத்துவிட்டு அவருக்குப் போன் போட்டார். "பஷீரு, ஒம்ம லேமினேஷன் ஒண்ணுதான் நீந்திக் கரையேறிருக்கு வே. நாங்கதான் முட்டாப்பயலுவ."

பரண்மேல் இருந்ததால் தப்பியவை அந்த ஏழு தொகுதிகள். தென்மலைத் தாவரங்கள் பற்றியவை. எங்கெங்கோ அலைந்து, ஒவ்வொன்றாக அவர் சேர்த்து முடித்த வரிசை. வெள்ளத்துக்குப் பிறகு, தன் வீட்டையும் சேர்த்து, அவற்றை ஏழு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். மைனிக்கே அது பிடிக்கவில்லை. "பெத்த பிள்ளயள ஊருக்கு ஒண்ணா விட்ட மாதிரி இருக்கு" என்றார். அண்ணாச்சி, "ஒரே வீட்டுல இருந்தா ஒரே தண்ணியில போயிரும். ஏழு வீடுன்னா ஆத்துக்கே அலுத்துப்போயிரும்லா" என்றார். யாரிடம் எது என்று சொல்ல மாட்டார். சொன்னால் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆசையில் நாங்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக அலைவோம் என்று பயம். எங்கும் எழுதியும் வைக்கவில்லை. எல்லாம் தலையில் இருந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நான் மைனியோடு இருந்தபோது ஒருவர் வந்தார். பழைய படங்களை வாங்கிச் சட்டம் போட்டு விற்பவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"முழு செட்டா இல்லேல்லாம்மா. அதனால படத்துக்குப் படம் எடுத்துக்கிடுதேன். ரிசார்ட் ரூம்ல மாட்டுனா அம்சமா இருக்கும்."

"படத்த எடுத்துட்டா மிச்சத்த என்ன செய்வீக?"

"மிச்சம் வெறும் எழுத்துதானம்மா."

மைனி எழுந்து போய் அவருக்குக் காப்பி போட்டு எடுத்துவந்தார். அவர் போன பிறகு என்னிடம், "அறுக்கிறத என்னால பாக்க முடியாது பிள்ள. வீட்டையும் காலி பண்ணணும். மக வீட்டுல ஒரு ரூம்புதான். நான் எங்கன கொண்டுபோய் வைக்க?" என்றார். காப்பித் தம்ளரைக் கழுவி வைத்தேன்.

பக்கத்துக் கல்லூரி நூலகம் ஒன்று வரிசையை வாங்கிப் பாதுகாக்கச் சம்மதித்திருக்கிறது. ஆனால் ஏழும் வேண்டும். குறையுள்ள வரிசைக்கு அங்கே இடமில்லை. மாதக் கடைசிவரை மைனி காத்திருப்பார். முதல் தொகுதி மைனியிடமே இருந்தது. மூன்றாவது என்னிடம். ஐந்தாவது பஷீர் காக்காவிடம். ஏழாவதை அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு டீச்சர் நேற்று கொண்டுவந்தார். இரண்டு, நான்கு, ஆறு இல்லை.

அவை நம் குழுவில் இல்லை. எல்லோரிடமும் கேட்டாயிற்று. மோட்டார் பழுதுக்கு அவரிடம் வந்த விவசாயிகள் யாரிடமாவது கொடுத்திருப்பார் என்பது என் எண்ணம். களக்காட்டு வாழைக்காரர்கள் பலர் அவருக்கு வாடிக்கை. பச்சைத் துணி ஒட்டிய முதுகு, தோல் அட்டை, பக்கமெல்லாம் பழுப்புப் புள்ளி, கனமான புத்தகம். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றியிருக்கும். கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: மாதம் ஒருமுறை விரித்துக் காற்றாட விட வேண்டும், அப்போது தனியாகப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துக் காட்ட வேண்டும். ஆகவே புத்தகம் உங்களிடம் இல்லாவிட்டாலும், உங்களை யாராவது கூப்பிட்டு உட்காரவைத்துச் செடிப் படம் காட்டியிருந்தால், அது யார் வீடு என்று சொல்லுங்கள்.

என்னிடமிருந்த மூன்றாம் தொகுதியை மைனியிடம் கொடுத்துவிட்டேன். அதில் சங்குப்பூப் படம் வெளிறிய நீலத்தில் இருக்கும். வண்ணம் மங்கிவிட்டது என்பது அண்ணாச்சியின் கட்சி. ஓவியர் வாடிய பூவைப் பார்த்து அப்படித்தான் வரைந்தார் என்பது என் கட்சி. இரண்டு வருடம் சண்டை போட்டோம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சண்டை. இப்போது என் கட்சி மட்டும் நிற்கிறது. ஜெயித்த மாதிரி இல்லை. எந்த மாதிரியும் இல்லை.

இதை உங்கள் ஊர்க் குழுக்களில் போடுங்கள். போன் பார்க்காதவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். கிடைத்தால் தபாலில் அனுப்ப வேண்டாம், அந்தத் துணியோடு அண்ணாச்சி வீட்டுக்கே எடுத்து வாருங்கள். உங்கள் தெருவில் கேட்டும் கிடைக்கவில்லை என்றால், அதையும் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அந்தத் தெருவை விட்டுவிட்டு நான் அடுத்த தெருவுக்குப் போவேன்.