பெயின்ட் அடித்த ஜன்னல்

சென்னையிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு வேலைக்கு வந்த புதிதில், பாடன் நகரத் தமிழ்க் குடும்பங்களோடு மலைப்பக்கம் சுற்றுலா போனேன். பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. ஐம்பது வயதிருக்கும், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கைப்பையை மேலே வைக்கச் சொன்னால் சம்மதிக்க மாட்டார். வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தார்.

தேநீருக்கு வண்டி நின்ற இடத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. பார்க்க அழகாக இருக்கவே படமெடுக்கப் போனேன். அவரும் கூடவே வந்தார்.

"தம்பிக்கு எங்கட சுவிசைப் பற்றித் தெரியாது போல. அது கொட்டில் இல்லை. யன்னலை வடிவாப் பாருங்கோ, பெயின்ட் அடிச்சது."

விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டே தொட்டுப் பார்த்தேன். மரமாகத் தெரிந்ததெல்லாம் கான்கிரீட். எதிரி வந்தால் சுடுவதற்கு உள்ளே பீரங்கி வைத்திருந்தார்கள் என்று பக்கத்துப் பலகையில் எழுதியிருந்தது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"ஊரில எங்கட பக்கத்து வீடும் சும்மா வீடு மாதிரித்தான் இருந்தது. உள்ள ஆயுதம் இருந்தது எண்டு, குண்டு விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்."

பலகையைக் காட்டி, "இப்ப உள்ள ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்காங்களே" என்றேன்.

"ஓம், எழுதியிருக்கினம். நீங்கள் நம்புறீங்களோ?"

நம்புவதாகச் சொன்னேன். திரும்பும்போது வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். பலகையை நம்பிய என்னை, அவர் ஊர்ப் போரில் எந்தப் பக்கத்து ஆள் என்று நினைத்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.