எலித் தோலும் பெறாமகளின் தலைமயிரும்

டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்து ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். எலித் தோலை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்நோக்கியில் பார்ப்பேன். மயிர்க்காலில் இருக்கும் ஸ்டெம் செல்கள் பச்சையாகத் தெரியும், இரத்தக் குழாய்கள் சிவப்பாக. இந்தச் செல்களிலிருந்துதான் புது மயிர் முளைக்கிறது. குழாய்கள் ஒட்டிக் கிடக்கும்போது செல்கள் உறங்குகின்றன. குழாய்கள் சற்று விலகினால் விழிக்கின்றன. இரத்தம் கிட்ட வந்தால் மயிர் செழிக்கும் என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன்.

போன மாரிக் குளிரில் விபோர்க்கிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தாள். "பிள்ளைக்கு உச்சியிலை வட்டமா மயிர் கொட்டியிருக்கு."

அக்காவின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, பதினான்கு வயது. இரண்டு மாதத்தில் பாதித் தலை வெளித்துவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குகிறது, திரும்ப முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம் என்று டொக்டர் சொன்னாராம்.

ஒரு சனிக்கிழமை போனேன். அக்கா குசினியில் நின்றாள்.

"நீ நெடுகவும் மயிரைத்தானே ஆராயிறாய். உவளுக்கு ஒரு மருந்தும் இல்லையோ?"

"அது எலியிலை, அக்கா. இவளுக்கு வந்த வருத்தம் வேறை."

"எலிக்கு முளைக்குதோ?"

"ஓம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையின் அறைப் பக்கம் பார்த்தாள்.

பிள்ளை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எலிகளின் முதுகை மழிப்பது நான்தானா என்று டேனிஷில் கேட்டாள். ஓம் என்றேன். பிறகு தமிழில் சொன்னாள்: "அப்ப எனக்கும் மழிச்சு விடுங்கோ, சின்னம்மா. அம்மா மழிச்சா அழுவா."

அக்கா வாசலில் நின்றாள். உள்ளே வந்து ஒரு பழைய துணியைப் பிள்ளையின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

அவளுடைய தகப்பன் சவரம் செய்யும் மெஷினால் மழித்தேன். நெற்றிப்பொட்டின் மேல் நீல நரம்புகள் கிளைவிட்டு ஓடுவது தெரிந்தது. அவற்றின் கீழே, வேர்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று என்னால் வரைந்து காட்ட முடியும். அவளுக்கு அதால் என்ன பயன்?

கண்ணாடியைப் பார்த்து, "வடிவில்லையோ?" என்று பிள்ளை கேட்டாள்.

"வடிவுதான்," என்றேன். அவள் நம்பவில்லை.

வசந்தத்தில் வலது காதுக்குப் பின்னால் வெள்ளையாகப் பூமயிர் முளைத்தது. அக்கா படம் எடுத்து அனுப்பினாள். ஆய்வுகூட மேசையிலிருந்தபடி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று வாரத்தில் அதுவும் உதிர்ந்தது. அதைப் பிள்ளையே தொலைபேசியில் எடுத்துச் சொன்னாள். ஏன் உதிர்ந்தது என்று கேட்டாள்.

"தெரியேல்லை, பிள்ளை," என்றேன்.

"பரவாயில்லை," என்று அவள் என்னைத் தேற்றினாள்.