ஃபேன் ஆடாமல் குதிப்பது

விஜி முதன்முதலாக மாடியில் குதித்த அன்று, கீழ்வீட்டில் கனகலட்சுமி ஒரு நைட்டிக்குக் கழுத்துப்பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ‘தொம்’ என்றது. ஃபேன் ஒருமுறை தலையாட்டியது. அலமாரியிலிருந்து நூல்கண்டு ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. இரண்டாவது ‘தொம்’முக்குத் தையல் கோணிக்கொண்டது. மூன்றாவதற்கு அவர் காத்திருக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டே படியேறினார்.

“ஏட்டி விஜி, மாவு இடிக்கியா? என் மண்டைதான் கெடச்சுதா?”

“இல்ல அத்த, பயிற்சி. குதிச்சுப் பாக்கேன்.”

“குதிக்கதுக்கு வேற எடம் இல்லையாக்கும்? அந்த ஃபேன் ஒருநா என் தலையில எறங்கப் போவுது. பொறவு யாருக்கு நீ வாடகை குடுப்ப?”

ராஜபாளையத்தில் அந்த வீட்டு மாடியின் ஒரு பாதியில் அறையும் அடுப்படியும் இருக்கின்றன. அங்கே விஜி குடியிருக்கிறாள். மறுபாதி வெறுந்தளம். தளத்தின் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற ஒரு சிமெண்ட் படி. அந்தப் படியிலிருந்துதான் அவள் குதித்தாள். நேர் கீழே கனகலட்சுமியின் தையல் அறை.

விஜிக்குச் சொந்த ஊர் பக்கத்திலுள்ள வ. புதுப்பட்டி. வகுப்பில் எல்லாரையும்விட உயரமாக இருந்ததால் பள்ளிக்கூடக் காலத்திலேயே ராஜபாளையம் விடுதியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்த ஊரில் உயரமான பிள்ளையைப் பார்த்தால் கூடைப்பந்து ஆடுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். அவளும் ஆடினாள். பெரிய ஆட்டக்காரி என்று சொல்ல முடியாது. தூரத்திலிருந்து கூடையில் போடும் கை அவளுக்கு வாய்க்கவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் பாதி வழியில் யாராவது பறித்துவிடுவார்கள். ஒரே ஒரு காரியம் நன்றாக வரும். பிறர் போட்டுத் தவறிய பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போது, கூட்டத்துக்கு மேலே எம்பி அதைப் பிடித்துவிடுவாள்.

படிப்பு முடிந்து பேண்டேஜ் துணி ஆலையில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். ஆலைக்கு ஒரு பெண்கள் அணி உண்டு. கல்யாணம் ஆனது. கணவன் சதீஷ் ராணுவத்தில் வடக்கே எங்கோ இருக்கிறான். மகள் பிறந்தபோது ஆடுகளத்தை விட்டு விலகினாள். மகள் நடக்கத் தொடங்கியதும் திரும்பிப் போனாள். போனபோது அவளுடைய இடத்தில் இந்து நின்றுகொண்டிருந்தாள். இந்துவுக்குப் பத்தொன்பது வயது. குதித்தால் காற்றில் ஒரு நொடி தங்கிவிட்டு வருவதுபோல இருக்கும்.

அணிக்குப் பயிற்சி கொடுக்கும் ஜெபின் இருவரையும் சுவரோரம் நிறுத்தி, விரல்நுனியில் சுண்ணாம்புத்தூள் தடவி எம்பச் சொன்னான். இந்துவின் விரல்தடம் மேலே. விஜியின் தடம் ஒரு சாண் கீழே.

அணி மேலாளர் சுயம்புலிங்கம் சுவரை அண்ணாந்து பார்த்தார். “ஆடிப்பூரம் கழிஞ்சதும் ஸ்ரீவில்லிபுத்தூர்காரிய ஆட வாராவ. ஆளுக்கு ஒரு பாதி ஆடுங்க. எறங்குற அஞ்சு பேர்ல ஒரு எடந்தான் இருக்கு. அன்னைக்கி பாத்துச் சொல்லுதேன்.”

அன்று இரவு வீடியோ அழைப்பில் சதீஷிடம் விஜி சொன்னாள்: “பெஞ்சில உக்காந்து கை தட்டுறதுக்குப் பிள்ளைய விட்டுட்டுப் போவ மாட்டேன். உள்ள எடம் இல்லன்னா ஜெர்சியக் குடுத்துட்டு வந்துருவேன்.” சதீஷ் வழக்கம்போலத் தொடர்பு அறுந்துவிட்டதாக நடித்தான்.

ஜெபின் அவளுக்குக் கொடுத்ததுதான் இந்தக் குதிப்பு. பிளையோமெட்ரிக் என்று அதற்குப் பெயர். சின்ன உயரத்திலிருந்து கீழே விழவேண்டும். கால் தரையில் பட்டதும், விழுந்த வேகம் ஆறுவதற்குள் மேலே எம்பவேண்டும். இழுத்து விட்ட ரப்பரைப்போலத் தசை சட்டென்று சுருங்கப் பழகும் என்றான்.

“தரை சுடுதுன்னு நெனச்சுக்கோங்க அக்கா. பட்டதும் எடுத்துரணும்.”

“ராஜபாளையத்துல அத நெனைக்க வேற செய்யணுமாக்கும்?”

ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சமாகத்தான் செய்யவேண்டும் என்றும் சொன்னான். பிள்ளையை வைத்துக்கொண்டு வார நாட்களில் களத்துக்குப் போக முடியாததால் மாடியில் தொடங்கினாள். முதல் நாளே கனகலட்சுமி ஏறி வந்துவிட்டார்.

விஜி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆலையில் மேற்பார்வையாளரிடம் கேட்டுக் கழிவுப் பஞ்சு வாங்கிவந்து, கனமான துணிக்குள் திணித்து ஒரு மெத்தை செய்தாள். தைத்துக் கொடுத்தவரே கனகலட்சுமிதான். மெத்தையின் மேல் குதித்தால் சத்தமே இல்லை. “இப்பத்தான் மனுச வீடு மாதிரி இருக்கு” என்று கீழே ஃபேனைக் கூட்டி வைத்துக்கொண்டார். பஞ்சு சும்மா கிடைக்கிற ஊரில்தான் ஒருத்திக்கு இந்த யோசனை தோன்றும்.

சில வாரம் கழித்து மறுபடியும் சுண்ணாம்புத்தூள். விஜியின் தடம் இருந்த இடத்திலேயே இருந்தது. உற்றுப் பார்த்தால் கொஞ்சம் கீழே.

ஜெபினுக்குப் புரியவில்லை. எப்படிச் செய்கிறாள் என்று பார்க்க வீட்டுக்கே வந்தான். மெத்தையைப் பார்த்ததும் தொட்டிப்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

“அக்கா, இது குதிக்கதுக்கா, ஒறங்குறதுக்கா?”

“சத்தம் கேக்காம இருக்கட்டும்னு…”

“நீங்க விழுந்து சேர்த்த வேகம் அம்புட்டையும் இதுல்ல தின்னுட்டு இருக்கு! ஒங்க காலுக்கு என்ன மிச்சம் இருக்கும்?” எழுந்து மெத்தையை ஓரமாக இழுத்துப் போட்டான். “கெட்டித் தரையிலதான் குதிக்கணும். சத்தத்த ஒங்க காலுதான் வாங்கணும். கணுக்கால், முட்டி, இடுப்பு மூணும் மடங்கி வாங்குச்சுன்னா கேக்காது. மொதல்ல எறங்கப் படிங்க. எம்புறது பொறவு.”

எம்புவதைத்தான் எல்லாரும் அளக்கிறார்கள். சுவரில் தடம் பதிகிறது, பார்த்தவர்கள் கை தட்டுகிறார்கள். இறங்குவதற்குச் சுவர் இல்லை. ஆனாலும் அடுத்த எம்பலுக்கு வேண்டியது அந்த இறக்கத்தில்தான் கிடைக்கிறது. விஜி இதையெல்லாம் யோசித்தாளா என்று தெரியாது. வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவள் யோசித்திருப்பாள்.

சொன்னாள். கனகலட்சுமி கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். விஜியின் மகளைத் தங்கம் என்ற பொருளில் ‘பங்காரம்’ என்றுதான் கூப்பிடுவார். அன்று அந்தப் பங்காரம் அவர் மடியில் இருந்தது. அதனால்தான் விஜி அந்த நேரம் பார்த்துப் போயிருந்தாள்.

“காலைல நான் மிஷின்ல உக்காருததுக்கு முந்தி முடிச்சிரணும்” என்றார். “ஃபேன் ஆடுச்சுன்னா ஒட்டடக்கம்பால மோட்டுல ஒரு தட்டு தட்டுவேன். தட்டுனா அன்னைக்கி அம்புட்டுத்தான். இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு நிக்கக் கூடாது.”

முதல் நாட்களில் தட்டு சீக்கிரமே வந்தது. ஒரு குதி, இரண்டு குதி, கீழிருந்து ‘டக்’. விஜி பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துவாள். களத்தில் ஜெபின் போதும் என்றாலும் கேட்காத ஆள் அவள். ஒட்டடைக்கம்புக்குக் கட்டுப்பட்டாள். களைத்த கால்தான் முதலில் சத்தம் போடும் என்பதால், தட்டு விழுந்ததெல்லாம் நிறுத்தவேண்டிய நேரத்தில்தான் விழுந்தது. இது கனகலட்சுமிக்குத் தெரியாது. அவருடைய கவலை ஃபேன்.

மெல்ல மெல்லத் தட்டுகள் தள்ளிப்போயின. பிறகு ஒருநாள் காலை கனகலட்சுமி கம்பும் கையுமாகப் படியேறி வந்தார்.

“ஏட்டி, விட்டுட்டியா? சத்தத்தையே காணும்! ஆடிப்பூரம் வந்துட்டு, நீ இன்னும் ஒறங்…”

விஜி அப்போது காற்றில் இருந்தாள். படியிலிருந்து விழுந்து, தொட்டு, எழும்பி, இறங்கினாள். பூனை மதிலிலிருந்து இறங்கியதுபோல இருந்தது.

“இங்கதான் நிக்கியா?”

“எப்பவும் இங்கதான அத்த நிக்கேன்.”

கனகலட்சுமி நம்பவில்லை. “செத்த பொறு” என்று கீழே இறங்கிப்போனார். தையல் அறையிலிருந்து குரல் வந்தது.

“இப்ப குதி!”

“குதிச்சாச்சு அத்த!”

“பொய் சொல்லாதட்டி!”

“மறுபடி குதிச்சாச்சு!”

பிறகு, “ஃபேன் சும்மா கெடக்கு” என்றார். அதில் லேசான ஏமாற்றம்கூட இருந்தது.

ஆட்டத்தன்று அவர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கூடைப்பந்து களத்துக்கு வந்தார். இடுப்பில் பங்காரம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் அணியில் போலீஸ்காரி பாண்டிசெல்வி இருந்தாள். நல்ல உயரம், நல்ல பலம். முதல் பாதியில் இந்து அவளுக்குச் சமமாக எம்பிப் பல பந்துகளைப் பிடித்தாள். சுயம்புலிங்கம் திருப்தியாகத் தலையாட்டியதை விஜி பார்த்தாள்.

இரண்டாம் பாதியில் விஜி இறங்கினாள். முதல் பந்தில் பாண்டிசெல்வியின் தோள் பட்டு ஒதுங்கிப்போனாள். இரண்டாவது பந்தும் போயிற்று.

“என்னட்டி, மெத்தையிலயா நிக்க?” என்று ஓரத்திலிருந்து கனகலட்சுமி கத்தினார்.

அடுத்த பந்து வளையத்தில் பட்டு மேலே தெறித்தது. விஜியும் பாண்டிசெல்வியும் சேர்ந்தே எம்பினார்கள். இருவர் விரலிலும் பட்டுப் பந்து மறுபடி மேலே போனது. பாண்டிசெல்வி ‘தொம்’ என்று இறங்கி, முட்டியை மடக்கி அடுத்ததற்கு ஆயத்தமானாள். அதற்குள் விஜி மேலே இருந்தாள். முதல் எம்பலைவிட இது உயரமில்லை. ஆனால் அந்த உயரத்தில் வேறு யாரும் இல்லை. பந்தைப் பிடித்து அப்படியே கூடைக்குள் வைத்துவிட்டு இறங்கினாள்.

“இப்பத்தான கீழ வந்த?” என்றாள் பாண்டிசெல்வி, நிஜமான சந்தேகத்தோடு.

அதன்பிறகு அது திரும்பத் திரும்ப நடந்தது. முதல் எம்பலில் பாண்டிசெல்வி தட்டிவிடுவாள். இரண்டாவதில் விஜி எடுத்துவிடுவாள். இருந்தும் ஆட்டத்தில் ஜெயித்தது ஸ்ரீவில்லிபுத்தூர்தான். அவர்களுக்குத் தூரத்திலிருந்து போடும் கை இருந்தது.

சுயம்புலிங்கம் தாடையைச் சொறிந்துகொண்டு ஜெபினைப் பார்த்தார். “செவுத்துல இன்னும் இந்துதான மேல?”

“ஆமா சார். நாலு விரக்கட.”

“சரி, செவுரு வந்து ஆடப் போறதில்ல. விஜி எறங்கட்டும்.”

விஜி ஜெர்சியைக் கழற்றிப் பையில் வைத்தாள். அது வீட்டுக்கு வந்தது, துவைத்துக் கொடியில் காய்ந்தது. வீடியோவில் சதீஷ் அதைப் பார்த்தான். அன்று தொடர்பு நன்றாகவே இருந்தது.

இந்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் ஆலை வாசலில் வந்து நின்றாள். “அக்கா, அந்த ரெண்டாவது எம்பல் எனக்கும் வேணும்.”

“அதுக்கென்ன, வீட்டுக்கு வா.”

மறுநாள் காலை இந்து தொட்டிப்படியில் ஏறி நின்றாள். விஜி தரையைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் குதித்துவிட்டாள்.

தொம்.

கீழே ஏதோ உருண்டது. ஒட்டடைக்கம்பு ‘டக்’ என்றது. தொடர்ந்து கனகலட்சுமியின் குரல்: “யாருட்டி அது மேல? இது நம்ம காலு இல்லையே!”

விதிப்படி அன்றைக்கு இந்துவின் பயிற்சி அதோடு முடிந்தது.