ஓரத்தில் இருந்த பாதி நாற்காலி

ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் ஒரு கேமரா வாங்கினேன். கலை ஆர்வமெல்லாம் ஒன்றுமில்லை. உப்பலில் இரண்டாவது மாடி வீடு, தனி ஆள், கம்பெனி வேலையும் வீட்டிலிருந்தே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடினால் திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். வெளியே போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கழுத்தில் கேமரா தொங்கினால், நாற்பத்தைந்து வயதுப் பெண் தெருவில் சும்மா நிற்பதை யாரும் ஏனென்று கேட்பதில்லை.

புதிதாகப் படமெடுக்கப் பழகுகிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஞாயிறு காலை ஏழெட்டுப் பேர் எங்காவது சுற்றிப் படமெடுத்துவிட்டு, தார்நாக்காவில் ஓர் இரானி ஹோட்டலில் உட்காருவோம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு படம் காட்ட வேண்டும். கேமராவோ போனோ மேஜையைச் சுற்றிக் கைமாறி வரும். பார்க்கிறவர் ஒரு நல்லதும் ஒரு குறையும் சொல்ல வேண்டும். சுற்று முடியும்வரை படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் கூடாது, சமாதானம் கூடாது. டீ குடிக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் தெலுங்கிலோ இந்தியிலோ, "வெளிச்சம் பிரமாதம், இன்னும் கொஞ்சம் நெருக்கமாக எடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை டீயில் நனைக்கப் போய்விடுவார்கள். எருமையை எடுத்தாலும் அதே வசனம், சார்மினாரை எடுத்தாலும் அதே வசனம். நானும் அதைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அந்த மேஜையில் தமிழ் தெரிந்தவள் இன்னொருத்திதான். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, இப்போதும் அதன் பக்கத்திலேயே குடியிருப்பவள். மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த உதிரிபாகங்களை அளந்து பார்த்து, தேறாததை ஒதுக்குவது அவள் வேலை. பாராட்டி அவளுக்குப் பழக்கமில்லை.

என் கேமரா முதன்முதலில் அவள் கைக்குப் போனபோது, நான் காட்டிய படத்தோடு நிற்கவில்லை. பட்டனை அழுத்தி அழுத்தி அன்று எடுத்த அத்தனையையும் பார்த்தாள். ஏன் என்பதற்கு ஹைதராபாத் பேச்சில் 'கைக்கு' என்றுதான் சொல்வாள்.

"பளிச்சுனு இருக்குக்கா. ஆனா கைக்கு எல்லாரும் முதுகைக் காட்டிட்டே நிக்கிறாங்க? பூக்காரம்மா முதுகு, பஸ் ஏர்றவர் முதுகு, ஸ்கூல் பிள்ளைங்க முதுகு. நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டீங்க. கிட்டப் போனா கடிச்சிடுவாங்களா?"

விதிப்படி நான் பேச முடியாது. முகம் சுட்டது. மூன்று வருடங்களில் என்னை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நான் கோபப்பட்டேன். யாராவது உண்மையைச் சொன்னால் எனக்கு அப்படித்தான்.

அடுத்து அவள் முறை. அவள் வீட்டு முன்னறை. திறந்த கதவு, தரையில் காலை வெயில், படத்தின் ஓரத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியின் பாதி. அதன் உடைந்த காலைக் கயிற்றால் கட்டியிருந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"வெயில் நல்லா விழுந்திருக்கு. ஆனா ஓரத்துல இந்த ஓட்டை சேர் எதுக்கு? கண்ணை உறுத்துது. தினம் அத்தனை பீஸை ஒதுக்குறீங்க, இது மட்டும் உங்க கண்ணுல படலையா?" என்றேன். எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியிலும் ஒருமுறை சொன்னேன். மேஜை சிரித்தது. அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். விதி நினைவு வந்து, டீயை சாஸரில் ஊற்றிக் குடித்தாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. இனி அவள் வரமாட்டாள், தமிழ் பேச இருந்த ஒருத்தியையும் விரட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்கு முன்பே வந்து, எனக்குப் பக்கத்து இடத்தைப் பையை வைத்துப் பிடித்திருந்தாள்.

அன்று அவள் காட்டியது அதே அறை, அதே வெயில். நாற்காலி இல்லை. சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். போன வாரப் படத்தில் வெயில் நேராக அந்த நாற்காலிக் காலடிக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது வெறும் தரையில் கிடந்தது. நல்லது ஒன்று சொன்னேன், குறை சொல்ல வாய் வரவில்லை.

சுற்று முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவோட சேர்க்கா அது. அவங்க போயி ஆறு மாசம். எடுக்க மனசு வராம அங்கயே கிடந்துச்சு. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. அன்னிக்கே பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன்."

நான் பழிக்குச் சொன்னதை அவள் அக்கறை என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"அவன்கிட்ட கேட்டா திரும்பக் கிடைக்காதா?" என்றேன்.

"நக்கோ அக்கா, வேணாம். அதுல வந்து உக்கார இப்ப யார் இருக்கா?"

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அன்று கோபத்தில் சொன்னது அது, மன்னித்துவிடு என்றாவது சொல்லியிருக்கலாம். சுற்று முடிந்துவிட்டது, என் வாயைக் கட்ட எந்த விதியும் இல்லை. "டீ ஆறிடுச்சு" என்றேன்.

"ஹவ், ஆமாக்கா, ஆறிடுச்சு" என்று அவளும் எழுந்தாள்.

வெளியே வந்து, லாலாகுடா பஸ்ஸுக்காக சாலையைக் கடந்து போனாள். நான் இந்தப் பக்கமே நின்றேன். கை தானாகக் கேமராவைத் தூக்கியது. நீல துப்பட்டா, தோளில் பை, அவள் முதுகு. நல்ல வெளிச்சம், படம் பளிச்சென்று விழுந்தது.

அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிறுகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டேன். அவள் வீட்டுக்கு இன்னும் போகவில்லை. அந்தப் படத்தையும் மேஜையில் காட்டவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.